குதிங்கால் புண்ணும் நெறிக்கட்டும்

லீவுக்கு மேலகரம் போயிருந்தபோது மதினி நொண்டிக்கொண்டிருந்தாள். என் அண்ணன் துபாயில் இருக்கிறான். சீசனுக்கு ஐந்தருவியில் சிப்ஸ் கடை போட்டிருந்தாள். ஒரு வாரம் முன்பு குதிங்காலில் கண்ணாடிச் சில்லு குத்தியிருக்கிறது. ஈரத்திலேயே நின்று சீழ் வைத்துவிட்டது. தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது.

ஏன் டாக்டரிடம் போகவில்லை என்றதற்கு அழுதாள். எங்கள் பெரியம்மாவை நம்பி வீக்கத்தைக் காட்டியிருக்கிறாள். புருஷன் ஊரில் இல்லாதவளுக்கு அந்த இடத்தில் கட்டியென்றால் கெட்ட வியாதிதான் என்று பெரியம்மா தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

கால் புண்ணுக்கு நெறி கட்டும் என்பது ஊரில் யாருக்குத் தெரியாது? தன் மகனுக்கு முழங்கால் கிழிந்து நெறி கட்டியபோது மஞ்சள் பற்றுப் போட்டவள் அதே பெரியம்மாதான்.

ஆய்வுக்கூடத்தில் எட்டு வருஷமாக நான் பார்ப்பதே இதைத்தான். தோலில் காவலிருக்கும் செல், புண்ணில் நுழைந்த கிருமியின் துண்டை எடுத்துக்கொண்டு, பக்கத்துச் செல்களைப் பற்றியிருந்த பிடியை விட்டுக் கிளம்புகிறது. நிணநீர்க் குழாயின் சுவரில் அதைப் பிடித்து உள்ளே விட ஒட்டு மூலக்கூறுகள் முளைத்து நிற்கின்றன. அவற்றைத் தடுத்துவிட்டால் பெரும்பாலான செல்கள் தோலிலேயே தங்கிவிடும். போய்ச் சேர்ந்தால் நிணநீர்க் கணுவில் எதிர்ப்புச் செல்கள் பெருகும், கணு வீங்கும். காலில் புண் என்றால் அது வீங்குகிற இடம் தொடையிடுக்கு. அவள் உடம்பு ஒழுங்காக வேலை செய்ததற்குத்தான் இந்தப் பழி.

அன்றே தென்காசிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சில்லை எடுத்து, மாத்திரை கொடுத்தார். திரும்பியதும் பெரியம்மா வீட்டுக்குப் போய் அத்தனையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதா? ஒங்கண்ணன் ஊர்ல இல்லல்லா. நாலு பேரு பேசத்தான் செய்வாக" என்றாள்.

தெரிந்தேதான் பேசியிருக்கிறாள்.

மறுநாள் அண்ணன் என்னைப் போனில் கூப்பிட்டான். ஊர்ப்பேச்சு துபாய் வரை போயிருந்தது. கட்டி எந்த இடத்தில், எத்தனை நாளாக என்று துருவினான்.

"ஒம் பொண்டாட்டி குதிங்காலு அழுகிக் கெடந்துது. அத ஒரு வார்த்தை கேட்டியா நீ?" என்று வைத்துவிட்டேன்.

பத்து நாளில் வீக்கம் வற்றியது. அண்ணன் தினமும் மதினிக்குப் போன் போட்டான். அவள் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை.