பத்து 'ஆம்' சொன்னவர் நோயாளி அல்ல

திங்கட்கிழமை, காலை 9.40. காலடிப்பேட்டையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவு. ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். நோயாளி, மனைவி. பத்துக் கேள்விகள் கேட்கப்பட்டன. பத்துக்கும் 'ஆம்'. 9.52-க்கு மதிப்பெண் கூட்டப்பட்டது: பத்துக்குப் பத்து.

கேட்டவன் நான்.

புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் மருத்துவமனை எனக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. மாதந்தோறும் வரும் நோயாளிகளில் யாரையெல்லாம் செல்போன் ஆலோசனைக்கு மாற்றலாம்? அதற்கு அவர்கள் எவ்வளவு தயார்? எட்டும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் வந்தால் போதும். மற்ற மாதங்களில் வீடியோவில் மருத்துவர். கேள்விகளை வடிவமைத்ததும் நானே.

அந்த அம்மாள் தெருத் தெருவாக மீன் விற்பவர். கன்னியம்மா என்று வைத்துக்கொள்வோம், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் ஏழுமலை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"ஸ்மார்ட்போன் இருக்கிறதா?"

"கீது சார்," என்றார் ஏழுமலை, சட்டைப் பையைத் தட்டியபடி.

"வீடியோ காலில் பேசத் தெரியுமா?"

"பேத்தியாண்ட தெனம் பேசிகினுதான கீறோம்."

"நான் அம்மாவைக் கேட்கிறேன்..."

"அத்த இன்னாத்துக்கு சார் கேக்குற? பச்சைய அமுக்குனா பேசும், சேப்ப அமுக்குனா கட்டாயிடும். அவ படிச்ச படிப்பு அவ்ளோதான்."

"ஆமா, இவுரு பெரிய கலெக்டரு!" என்றார் கன்னியம்மா.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுத்த 'ஆம்' போட்டேன்.

பத்தும் முடிந்ததும் ஏழுமலை டீ குடிக்கப் போனார். 'தயார்' என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.

"சார், என்னை போனுக்கு மாத்திடாதீங்க." கன்னியம்மா வாசலைப் பார்த்தபடி சொன்னார். "இங்க வந்தா நர்ஸம்மா என்னை மட்டும் உள்ள கூப்புடும். நாலு வார்த்த சொல்வேன். வூட்டுலன்னா அவுரு பக்கத்துலயே குந்திகினு இருப்பாரு. டாக்டரு என்னைக் கேட்டா அவுரு பதில் சொல்வாரு."

"அவர் எதிரில் சொல்ல முடியாதது என்ன?"

"கால் கட்டவெரல் மரத்துப் போச்சு சார். மீன் முள்ளு குத்தி ரத்தம் வந்துகீது, எனக்குத் தெரியல. சொன்னா, யாவாரத்துக்குப் போவாதன்னுடுவாரு. கெட்ட மனுசன் இல்ல சார்... பாசந்தான். ஆனா கூடைய எறக்கி வச்சிட்டு நான் வூட்ல இன்னா பண்ணுவேன்?"

மரத்த காலில் பட்ட புண் எங்கே கொண்டுபோய் விடும்? சர்க்கரை நோயாளி உள்ள எந்த வீட்டுக்கும் விளக்கத் தேவையில்லை. செவிலியரை உடனே அழைத்துக் காலைக் காட்டச் சொன்னேன்.

என் பத்துக் கேள்விகளும் அளந்தது ஏழுமலையை. அவர் தயார்தான். இந்தப் பக்கத்தில் எத்தனை வீடுகளில் போன் ஒருவர் பையிலும் நோய் இன்னொருவர் உடம்பிலும் இருக்கின்றன? அதை நான் கேட்கவே இல்லை.

கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். என் மனைவி இறந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. கடைசி ஓராண்டின் ஆலோசனைகள் எல்லாம் என் செல்போனில்தான் நடந்தன. மருத்துவர் அவளைத்தான் விசாரிப்பார். "இந்த வாரம் தேவலை, டாக்டர்" — சொன்னது நான். அவள் அருகில் அமர்ந்து தலையசைப்பாள். அவளாகச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?

என்னிடம் தரவு இல்லை.

ஏழுமலை திரும்பி வந்தார். "பாஸா சார்?"

"இல்லை. அடுத்த மாதமும் அம்மா நேரில் வர வேண்டும்."

"இன்னா சார் பேஜாரு! எல்லாத்துக்கும் கரீக்டா சொன்னேனே!"

"நீங்கள் பாஸ்தான்," என்றேன்.

இன்னும் செய்யாதவை:

— கேள்வித்தாளைத் திருத்துவது. நோயாளியைத் தனியே அமர்த்திக் கேட்க வேண்டும் என்பது முதல் விதி.

— இதுவரை 'தயார்' என்று நான் கையெழுத்திட்ட படிவங்களைத் திரும்ப எடுப்பது.

— மரத்த காலுக்கான செருப்பு எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பது. கூடை இறங்காமல் இருக்கக்கூடும்.

— மருத்துவர் அழைத்தவுடன் போனை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு, அறையை விட்டு வெளியே போவது.