பெயர் முதலில், கட்டளை பிறகு

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனால் மற்றப் பிள்ளைகள் பெற்றோரைக் கியூபாவுக்கு அனுப்பி வெயில் காய விடுகிறார்கள். எங்கள் மகள் எங்களை ஐஸ் சுவரில் ஏற அனுப்பினாள். மொன்றியலில் இருந்து வடக்கே ஒன்றரை மணித்தியாலம் காரோடினால் ஒரு மலைப்பாறை வரும். அதில் வழிகிற தண்ணீர் குளிர்காலத்தில் அப்படியே உறைந்து, மாடிவீட்டு உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும். அதில் ஏறப் பழக்குகிற இரண்டு நாள் வகுப்பு அது. மகள் ரொறன்ரோவில் இருந்து போன் எடுத்துச் சொன்னாள்: “அம்மா, நீங்களும் அப்பாவும் ஒண்டாய் ஒரு வேலை செய்து நான் கண்டதில்லை. இதிலை ஒராள் ஏற, மற்றாள் கயிறு பிடிக்கவேணும். வேறை வழி இல்லை.”

பிள்ளைக்கு வீட்டு நிலவரம் தெரிந்திருக்கிறது. நான்தான் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனுசன் கெட்டவர் இல்லை. குடி இல்லை, அடி இல்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் சுப்பர்வைசர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சாப்பாடு ஆறுகிறது என்று கூப்பிட்டாலும் ஒன்றுதான், நிலவறைக்குள் தண்ணீர் வருகிறது என்று கூப்பிட்டாலும் ஒன்றுதான். மூன்றாம் நாலாம் தரம்தான் “ம்?” என்று ஒரு சத்தம் வரும். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இவர் செவிடரும் இல்லை. வேலையிடத்துப் போன் அடுத்த அறையில் அதிர்ந்தாலே எழும்பி ஓடுகிற காது அது. அந்தக் கயிற்றில் நான் தொங்கும்போதாவது, என் உயிர் அவர் கையில் இருக்கும்போதாவது, கூப்பிட்டவுடன் பார்ப்பாரா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. ஏறுகிற ஆசையில் நான் போகவில்லை. அதைப் பார்க்கத்தான் போனேன்.

வழிகாட்டி ஒரு கியூபெக் பெண். எங்கள் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவள் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல நான் இவருக்குத் தமிழில் சொன்னேன். கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் வேலை பார்த்து எனக்கு அந்தப் பாஷை ஓடும், இவருக்கு ஓடாது. நான் சொல்லும்போதுகூட அவர் அந்தப் பெண்ணின் வாயைத்தான் பார்த்தார்.

சப்பாத்தின் கீழே கிராம்பான் என்று முள்ளு முள்ளாக ஒன்று பூட்டிவிட்டார்கள். முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு முள்ளையும் ஐஸில் உதைத்துக் குத்தி, அதன்மேல் எழும்பி நிற்கவேண்டும். குதிக்காலை உயர்த்தக் கூடாது, உயர்த்தினால் முள்ளு கழன்றுவிடும். இரண்டு கையிலும் சின்னக் கோடரி. அதைத் தோளால் ஓங்கி அடித்தால் ஐஸ் பீங்கான் கோப்பைபோல் தட்டுத் தட்டாக உடைந்து முகத்தில் விழும். மணிக்கட்டைச் சுண்டி எறிந்தால் ஒரே அடியில் கடித்துக்கொள்ளும். பெலத்தைக் காலுக்குக் கொடு, கை நீட்டியபடி சும்மா தொங்கட்டும் என்றாள் அந்தப் பெண். எனக்கு இது சீக்கிரம் பிடிபட்டது. ஐம்பது வயதில் ஒரு புது வேலை கைக்கு வருவது நல்ல சந்தோஷம், பொய் சொல்லக் கூடாது.

ஏறுகிறவரின் இடுப்பில் கட்டிய கயிறு உச்சியில் அடித்த சங்கிலிக்குள்ளால் போய்த் திரும்பிக் கீழே நிற்கிறவரின் கைக்கு வரும். பிறகு பிரெஞ்சில் கட்டளைகள். ‘செக்’ என்று கத்தினால் கீழே நிற்கிறவர் கயிற்றை இறுக்கவேண்டும், ‘மூ’ என்றால் தளர்த்தவேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நாலு கயிறு, எல்லோரும் ஒரே சொல்லைக் கத்துவார்கள். அதனால் பெயர் முதலில், கட்டளை பிறகு. இதைச் சொல்லிவிட்டு ஒவ்வொருவரையும் தன் துணையின் பெயரைச் சொல்லிக் கத்தப் பழக்கினாள்.

என் முறை வந்தது. வாய் திறந்தேன், பெயர் வரவில்லை. இருபத்தைந்து வருடத்தில் அந்தப் பெயரை நான் ஒரு தடவையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இஞ்சேருங்கோ’தான். ஆஸ்பத்திரியில் கேட்டால்கூடக் கார்டை எடுத்து நீட்டியிருக்கிறேனே தவிர வாயால் சொன்னதில்லை. யாரும் என்னை அப்படிச் செய் என்று சொல்லவும் இல்லை; எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது பல்லுத் தீட்டுகிற மாதிரி ஒரு பழக்கம். வீட்டில் எப்படிக் கூப்பிடுவாய் என்று அந்தப் பெண் கேட்டாள். சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம் என்றாள். இங்கே பாருங்கள் என்று அர்த்தம் என்றேன். “அப்படியென்றால் வீட்டில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே?” என்றாள். ஒருவரும் பார்ப்பதில்லை என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். சரி, அதையே கத்து, ஆனால் பலமாகக் கத்து என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை முதலில் அவர் ஏறினார், நான் கயிறு பிடித்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் மேலிருந்து ஒரு கேள்வி. “பிடிச்சிருக்கிறீரே?” “எங்கை பாக்கிறீர்?” “இறுக்கமாய்ப் பிடியும்.” “இவ்வளவு இறுக்கினால் நான் எப்பிடி ஏறுறது?” வேண்டாப் பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். நான் கண்ணை அவரில் இருந்து எடுக்கவில்லை. அண்ணாந்து அண்ணாந்து என் கழுத்து விறைத்துப்போனது.

பிறகு நான் ஏறினேன். பாதிக்கு மேல் சுவர் தூணாக நிமிர்ந்தது. கால் உதைத்தால் முள்ளு ஏறவில்லை, முன்கை இரண்டும் இறுகிப்போய் விரல் மடங்க மறுத்தது. குனிந்து பார்த்தேன். கயிறு தளர்ந்து என் முழங்காலடியில் வளைந்து தொங்கியது. கீழே அவர் பக்கத்துக் கயிற்றுக்காரரோடு ஆங்கிலத்தில், புரோசார்ட்டில் வீட்டு விலை ஏறினது பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். கையில் கயிறு இருந்தது, கண் என்னில் இல்லை.

“இஞ்சேருங்கோ, செக்” என்றேன். கதை நிற்கவில்லை. இன்னொரு தரம், இன்னும் பலமாக. அவர் கையை ஆட்டி எதையோ விளக்கினார். வலது கோடரி கழன்று வருவது தெரிந்தது. அப்போதுதான் நான் அந்தப் பெயரைக் கத்தினேன். முழுப் பெயரையும். அவருடைய தாயார் வைத்தது, கல்யாணக் கார்டில் அச்சடித்தது. மலை அதைத் திருப்பிச் சொன்னது.

அவர் திடுக்கிட்டு அண்ணாந்தார். அதற்குள் நான் விழுந்துவிட்டேன். ஓர் ஆள் உயரம் கீழே போன பிறகுதான் கயிறு பிடித்தது. முழங்கால் சுவரில் போய் இடித்தது. வழிகாட்டி ஓடிவந்து அவர் கையில் இருந்த கயிற்றை வாங்கி என்னை இறக்கினாள்.

நிலத்தில் கால் பட்டதும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “என்னப்பா, பேரைச் சொல்லிக் கத்துறீர்? சனமெல்லாம் பாக்குது.”

“ரெண்டுதரம் கூப்பிட்டனான்.”

“நீர் எந்த நேரமும் கூப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறனீர்.”

விறைத்த விரல்களுக்கு இரத்தம் திரும்பும்போது வருகிற நோவை அன்றுதான் அறிந்தேன். பிள்ளை பெற்ற நோவுக்கு அடுத்தது அது. பனியில் முழங்காலில் இருந்து அழுதேன். பக்கத்துக் கயிற்றில் ஏறவந்த ஒரு பெண், தாதி, என் வயதுதான் இருக்கும், என் இரண்டு கையையும் பிடித்துத் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அவர் பிளாஸ்கில் இருந்து தனக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாதியின் சிநேகிதி வரவில்லை. இவளோடு யார் சேருகிறீர்கள் என்று வழிகாட்டி கேட்டாள். நான் கையைத் தூக்கினேன். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “நல்லதாய்ப் போச்சு” என்றார். “எனக்கு அந்தக் கைட் பிள்ளை கயிறு பிடிக்கட்டும். அவள் பிடிச்சால் பயமில்லை.”

அதே தூணில் மறுபடி ஏறினேன். தாதியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ‘செக்’ என்று வாய் மூடுமுன் கயிறு இறுகியது. நம்பாமல், தேவையில்லாத இடத்திலும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். அப்போதும் இறுகியது. உச்சியில் போய்ச் சங்கிலியைத் தொட்டதும் எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம் என்று நினைத்துக் கீழே எல்லோரும் கை தட்டினார்கள். ஆம்பிளைகள் அப்படித்தான், வேலைக் களைப்பு, அவருக்கு மனதுக்குள் அன்பு இருக்கிறது என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். முதல் நாள் கண்ட ஒருத்திக்கு இது எவ்வளவு இலேசாக முடிகிறது என்று பார்த்த பிறகு சொல்ல ஒரு சாட்டும் மிஞ்சவில்லை.

திரும்பிவரும்போது காரில் மகளோடு ஸ்பீக்கரில் கதைத்தார். நல்ல உற்சாகம். “கொம்மா என்ரை பேரைச் சொல்லிக் கத்தினா பார், மலையே அதிர்ந்துபோச்சு.” அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடிந்து, “ஏன் கத்தினவ?” என்று கேட்டாள். “பாலத்திலை சரியான டிராபிக், பேந்து எடுக்கிறன்” என்று வைத்துவிட்டார். பாலத்தில் டிராபிக் இருக்கவில்லை.

அந்தப் பெயரை அதன்பிறகு நான் சொன்னதில்லை. மரியாதை என்று யாரும் நினைக்கவேண்டாம். ‘இஞ்சேருங்கோ’வையும் விட்டுவிட்டேன். சண்டை பிடிக்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. கூப்பிடுவதை மட்டும் நிறுத்தினேன். சமைப்பேன், மேசையில் வைப்பேன், என் பங்கைப் போட்டுச் சாப்பிடுவேன். அவருக்கு இது தெரியவந்து கேட்கட்டும், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லலாம் என்று வசனம் வசனமாக மனதுக்குள் அடுக்கிவைத்திருந்தேன். நாட்கள் போயின. ஒரு சனிக்கிழமை நான் சாப்பிட்டுக் கை கழுவும்போது குசினிக்குள் வந்தார்.

“சாப்பாடு ஆறிப்போச்சு. கூப்பிடேல்லையே?”

“கூப்பிட்டனான்” என்றேன். அப்படி ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

“ஓ, எனக்குக் கேக்கேல்லை” என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டு ரீவிக்கு முன்னால் போய் இருந்தார்.