முதலில் திரும்பிய மொழி

அன்று காலை என் கணவர் ரியாஸிடம் நான் கேட்க நினைத்தது டீ வடிகட்டியை. அது எதிரேதான் தொங்கியது. பெயர் மட்டும் வரவில்லை. சரி, சுட்டிக்காட்டலாம் என்றால் வலது கை எழவில்லை. பயம்கூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஊரின் மருத்துவமனையில் பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுவது) என்றார்கள். கூடவே அஃபேசியா (மூளையின் மொழிப் பகுதி பழுதாவதால் வரும் பேச்சிழப்பு).

படிவத்தில் நோயாளியின் மொழி என்ற இடத்தில் ரியாஸ் 'தமிழ்' என்று எழுதியிருந்தார். இருபது வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவர் வேறென்ன எழுதுவார்? ஐபேடில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்தார்கள். நான் மடமடவென்று பேசினேன். தெளிவாகப் பேசுவதாகவே நினைத்தேன்.

"சார், இது தமிழ் இல்லையே," என்றது ஐபேடில் வந்த குரல்.

"தமிழ்தாங்க. கொஞ்சம் கொழறுது, அவ்வளவுதான்," என்றார் ரியாஸ்.

'குழப்பமான பேச்சு' என்று குறிப்பில் ஏறியது. மூன்றாம் நாள் கல்லூரியிலிருந்து மகள் சனா வந்தாள். பள்ளியில் ஜெர்மன் எடுக்கச் சொல்லி நான் உயிரை வாங்கிய பெண். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு அப்பாவிடம், "அத்தா, திஸ் இஸ் ஜெர்மன். ஷி இஸ் ரிசைட்டிங் போயம்ஸ்," என்றாள்.

மருந்துக் கம்பெனிக்கு ஜெர்மன் ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. கவிதை என் ஆசை. இரண்டு யூதக் கவிஞர்களைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். இருவருக்கும் ஜெர்மன் தாய்மொழி. அவர்கள் உறவுகளைக் கொல்ல உத்தரவு போனதும் அதே மொழியில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின், வேறு வேறு நாட்டில் இருந்துகொண்டு, ஒருவர் கவிதைக்கு மற்றவர் கவிதையாலேயே பதில் எழுதினார்கள்.

என் வலியை அவர்கள் வலிக்குப் பக்கத்தில் வைக்க எனக்குக் கூசுகிறது. ஆனாலும் குழம்பிக் கிடந்தேன். அவர்களால் விடவும் முடியாத, வைத்துக்கொள்ளவும் முடியாத மொழி, இரவல் வாங்கிய எனக்கு ஏன் முதலில் வந்தது? ரியாஸோடு சண்டை போட்ட மொழி எங்கே போனது?

பிந்திக் கற்ற மொழி முந்திக்கொள்வது உண்டு என்றார் பேச்சுப் பயிற்சியாளர். தமிழ் வருமா என்று ரியாஸ் கேட்டார். வரலாம் என்றார். அந்த 'லாம்' ரியாஸைத் தூங்கவிடவில்லை.

பிளெய்ன்ஸ்பரோவில் உள்ள எங்கள் அபார்ட்மெண்டுக்குத் திரும்பிய பிறகு, மாறி மாறி வாசிப்பதுதான் பயிற்சி. என் கையெழுத்துப் பிரதியிலிருந்து ஒருவரின் கவிதையை ரியாஸ் தமிழில் வாசிப்பார். மற்றவரின் பதிலை நான் வாசிக்க வேண்டும். மூன்றாவது சொல்லில் நின்றுவிடுவேன்.

"சாம்பல். சாம்பல்னு சொல்லும்மா," என்று எடுத்துக்கொடுப்பார். அன்பாகத்தான். எனக்கோ தாளைக் கிழிக்க வேண்டும்போல இருக்கும்.

ஒரு நாள் மூலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருவருமே பாதி வரியில் நிறுத்தியிருந்தார்கள், பல இடங்களில். நான்தான் வினைச்சொல் போட்டு ஒவ்வொன்றையும் முடித்துவைத்திருந்தேன். தமிழில் சரளமாக வர வேண்டுமாம். ரியாஸ் எனக்குச் செய்ததையே நான் அவர்களுக்குச் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இடது கையால் கோணல்மாணலாக, நான் சேர்த்ததையெல்லாம் அடித்தேன்.

ரியாஸ் அடுத்த முறை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"முடிக்காதீங்க, மச்சான்."

நோய் வந்தபின் நான் கோத்துச் சொன்ன முதல் தமிழ் அதுதான். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிச் சொல் தேடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து எடுத்துக்கொடுக்காதீர்கள். தேடுவதும் பேச்சுதான்.

இப்போது எட்டு மாதம். வலது கை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, சொன்னால்தான் அசைகிறது. ஒரு கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போகிறது என்று எனக்குத் தெரிவதில்லை. அடுப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

நேற்று அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, "டீ போடவா?" என்று கேட்டார் ரியாஸ். ஜெர்மன் பதில் முதலில் வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டுத் தேடினேன். அவர் வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"போடுங்க," என்றேன்.

கொதித்த தண்ணீர் பாதியாக வற்றியிருந்தது. இன்னொரு டம்ளர் ஊற்றினார்.