சாம்பாருக்கு எவிடென்ஸ்

போன வாரம் ஒரு மேனேஜர் என்னைக் கேட்டார். "சாப்பிட்டதுக்கு எவிடென்ஸா? வயித்தைக் கிழிச்சா காட்ட முடியும்?"

நியாயமான கேள்விதான். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

என் பிழைப்புதான் உங்களுக்குத் தெரியுமே... இன்டர்னல் ஆடிட். கம்பெனி தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதிகள் நிஜமாகவே நடக்கின்றனவா என்று சோதிக்கும் வேலை. அதற்கு முதல் படி, இன்னின்ன ஆதாரம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்பது. இந்த 1991-ல் எனக்கு வாய்த்தது, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை.

ஸ்டோர்ஸ், கேட், சம்பளம் எல்லாவற்றுக்கும் டைப் அடித்துக் கொடுத்தாயிற்று. மிச்சம் கேன்டீன். தினமும் பரிமாறும் முன் ஓர் அதிகாரி ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அங்கே ஒரு விதி. அந்த அதிகாரி, பர்சனல் மேனேஜர் கோபாலன். தினமும் கையெழுத்து உண்டு. பக்கத்தில் 'நன்று' என்று ஒரு வார்த்தையும் உண்டு.

தொழிலாளிகள் சொன்னதோ வேறு. பருப்பு வேகவே இல்லை, ஆளை மாற்றாவிட்டால் கேன்டீன் பக்கமே வர மாட்டோம் என்று யூனியன் சொல்லிவிட்டது. மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் ரத்து என்று பேச்சு.

கேன்டீனை நடத்துபவர் சேரப்பணஞ்சேரி லூர்துமேரி. தன் ஊர்ப் பெண்கள் சிலரையும் வேலைக்கு வைத்திருக்கிறார். கான்ட்ராக்ட் போனால் அத்தனை பேரும் வீட்டுக்கு.

"ஏம்மா வேக மாட்டேங்குது?" என்றேன்.

"போர் தண்ணி மேடம். ஒரே உப்பு. எம்மா நேரம் எரிச்சாலும் பருப்பு கல்லாட்டம் கீது. குடிக்க வர்ற லாரித் தண்ணில சமையலுக்குக் கொஞ்சம் குடுங்கன்னு கேட்டுக்கினே கீறேன். சாரே நன்றுன்னு எழுதறாரு, உனக்கு இன்னா கொறைன்றாங்க."

டைப்ரைட்டர் முன் வந்து உட்கார்ந்தேன். என்ன கேட்பது? கையெழுத்தைக் கேட்டால் கையெழுத்து வரும். நூறு 'நன்று' வரும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இப்படி அடித்தேன்: 'அதிகாரி ருசி பார்ப்பதை நேரில் பார்க்க வேண்டும். குறை இருந்தால் அதற்கு என்ன செய்தார்கள் என்றும் காட்ட வேண்டும்.'

அதைப் படித்துவிட்டுத்தான் கோபாலன் வயிற்றைக் கிழிக்கும் கேள்வியைக் கேட்டார்.

"கிழிக்க வேண்டாம் சார். என் எதிர்ல சாப்பிட்டாப் போதும்" என்றேன்.

மறுநாள் மதியம் வந்தார். லூர்துமேரி தட்டை வைத்தார். கூட இருந்த பெண்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். சாம்பாரைப் பிசைந்து முதல் வாய் போட்டார். மென்றார். இன்னும் மென்றார்...

"இதையா தினமும் போடறீங்க?"

"இதத்தான் சார் தெனம் நன்றுன்னு எழுதினீங்க" என்றார் லூர்துமேரி, சாதாரணமாக.

கோபாலன் கோபப்படுவார் என்று பயந்தேன். மனிதர் சிரித்துவிட்டார். "எனக்கு வீட்லேர்ந்து கேரியர் வந்துடும் மேடம். இங்கே நான் வாயில வெச்சதே இல்லை" என்றார். அடக்கிக்கொண்டிருந்த பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கோபாலன் கை கழுவிய ஈரத்தோடு போனை எடுத்தார். மறுநாளிலிருந்து சமையலுக்கும் லாரித் தண்ணீர்.

அன்றைக்கு வந்த சாம்பாரைப் பார்க்க வேண்டுமே. பருப்பு இருந்த இடம் தெரியாமல் கரைந்து, மேலே முருங்கைக்காய் மிதந்தது. கோபாலன் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். யூனியன் தலைவர் மூன்றாம் முறை. சாப்பிட்டு ஏப்பம் விட்டவர், "கான்ட்ராக்ட்டை மாத்தற பேச்செல்லாம் இனிமே வேணாம், இன்னா சார்?" என்று கோபாலனையே மிரட்டினார். லூர்துமேரி என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

ஆதாரம் கேட்பதிலும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. பேப்பரைக் கேட்டால் பேப்பர் வரும். நடப்பதைக் காட்டு என்று கேட்டால், சில சமயம் நடக்கவே ஆரம்பித்துவிடுகிறது.

கிளம்பும்போது வெல்டிங் ஷெட்டிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். "மேடம், கம்பெனி பஸ்ஸுக்கு எப்ப ஆடிட்டு? ஆபீசருங்க ஒரு நாள் தண்டலம் வரிக்கும் தொங்கிக்கினு வரட்டுமே."

டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டேன்.