சித்தப்பாவுக்கு நன்றி

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. அம்மா சோறு போட்டால் சாப்பிடுவோம். அப்பா சப்பாத்து வாங்கித் தந்தால் போட்டுக்கொண்டு ஓடுவோம். நன்றி என்பது பிறத்தியாருக்குச் சொல்வது. சொந்தக்காரரிடம் சொன்னால், என்னைப் பிறத்தியாளாக்கிப் போட்டியோ என்று முகத்தைச் சுழிப்பார்கள். இந்த வழக்கத்தை நான்தான் உடைத்தேன். ஒன்பது வயதில், ஒரு ஒக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் குடியேறியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அதோடு அப்பாவுக்குக் கிடைக்க இருந்த ஒரு சிறுநீரகத்தையும் இல்லாமல் செய்துவிட்டேன் என்று கன வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கியவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப்போனதால் வேலை நின்றது. திங்கள், புதன், வெள்ளி டயலிசிஸ். மற்ற நாட்களில் சோபா. வீட்டில் இரண்டு சமையல் நடந்தது. எங்களுக்கு ஒன்று, அப்பாவுக்கு உப்பில்லாமல் இன்னொன்று. உருளைக்கிழங்கை அம்மா வெட்டி ஊறப்போட்டு, இரண்டு தரம் அவித்து, இரண்டு தரமும், அப்பாவுக்கு ஆகாத சத்துப் போகட்டும் என்று தண்ணீரை வடித்து ஊற்றிவிடுவார். அதற்குப் பிறகு அது கிழங்கே இல்லை, நனைந்த கடதாசி. தண்ணீரும் அளவுதான். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று போத்தலில் கோடு கீறி வைத்திருந்தார்கள். தாகம் தாங்காவிட்டால் அப்பா ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியபடி கிடப்பார்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் சமையல் வேலை. அந்தக் கோடைகாலத்தில் அவர்தான், நான் தாறன் அண்ணை என்று சொன்னவர். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பொருந்தியது. அன்றைக்கு அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் விழுந்து அழுததை நான் பார்த்தேன். பிறகு என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "வெளியாக்களுக்கு வாய் திறந்திடாதை. எல்லாம் முடியுமட்டும் ஆருக்கும் தெரியக்கூடாது. கண்பட்டுப்போகும்."

அம்மாவின் கணக்கில் சித்தி வெளியாள். கலியாணம் கட்டி மூன்று வருடம், கையில் ஒரு வயதுக் குழந்தை, அப்படியிருந்தும் வெளியாள். தன் புருஷன் உடம்பிலிருந்து ஒரு உறுப்பு போகப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது. மிச்சச் சோதனையும் முடியட்டும், பேந்து நானே பக்குவமாச் சொல்லுறன் என்று சித்தப்பா சொல்லியிருந்தாராம். அம்மாவும் அப்பாவும் சரி என்றுவிட்டார்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. என் கணக்கில் சித்தி வீட்டாள்.

பள்ளிக்கூடத்தில் ரீச்சர் எங்களுக்குச் சிவப்பும் மஞ்சளுமாகக் கடதாசி தந்து மேப்பிள் இலை வெட்டச் சொன்னார். வான்கோழி சமைத்து நன்றி சொல்லும் பண்டிகைக்கு நீண்ட வார இறுதி வருகிறது, குடும்பமாக மேசையில் இருந்து ஆளுக்கொரு மெர்சி, அதாவது ஒரு நன்றி, சொல்லுங்கள், அதை இலையில் எழுதுங்கள் என்றார். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இந்தப் பண்டிகை என்னவென்றே தெரியாது. எனக்கு மட்டும் பிசாசு பிடித்தது. வீட்டுக்கு வந்து, எங்களுக்கும் வான்கோழி வேணும், எல்லாரும் நன்றி சொல்லவேணும் என்று ஒப்பாரி வைத்தேன். திங்கட்கிழமை விடுமுறை, ஆனால் டயலிசிஸ் மெசினுக்கு விடுமுறை கிடையாது. ஆகவே ஞாயிறு மத்தியானம் என்று முடிவானது.

சித்தப்பா காலை ஏழு மணிக்கே வான்கோழியைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். சித்தியும் குழந்தையும் மத்தியானம் பஸ்ஸில் வருவார்கள். எங்கள் வீட்டு அடுப்புக்குக் கீழே இருந்த அவணை அம்மா ஒருநாளும் சமைக்கப் பாவித்ததில்லை. அது தாச்சியும் தட்டும் அடுக்கும் அலுமாரி. எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, ஒரு ஆட்டுக்குட்டி அளவுக்கு இருந்த அந்தக் கோழியைச் சித்தப்பா உள்ளே தள்ளினார். அண்ணைக்கெண்டு உப்பில்லாமல் ஒரு துடை தனியாய்ப் போட்டிருக்கிறன் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும், சொல்ல எரிச்சலாகவும் இருக்கிறது.

அம்மா குளிக்கப் போனார். அப்பா சோபாவில். நானும் சித்தப்பாவும் அவணுக்கு முன்னால் குந்தியிருந்து, அரைமணிக்கொரு தரம் கதவைத் திறந்து நெய்யை அள்ளிக் கோழியின் மேல் ஊற்றினோம். இலையில் என்ன எழுதப்போறாய் என்று கேட்டார். ஃபிரெஞ்சு ரீச்சருக்கு எழுதுவேன் என்றேன். சித்தப்பா அவண் கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரீச்சருக்கு ஆயிரம் பேர் சொல்லுவினம். உன்ரை சித்தப்பாவுக்கு ஆர் சொல்லுறது?"

"உங்களுக்கு ஏன்?"

"ஏனெண்டு உனக்குத் தெரியுந்தானே, குஞ்சு. அப்பாவுக்கு நான் என்ன குடுக்கப்போறன்?"

தெரியும் என்று தலையாட்டினேன். அம்மா ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றவர் என்றும் சொன்னேன். சித்தப்பா சிரித்தார். "அது வெளியாக்களுக்கு. மேசையிலை இருக்கிறது எங்கடை ஆக்கள்தானே. சித்திக்குப் பக்கத்திலை இருந்து நல்ல சத்தமாச் சொல்லு. நான் சொன்னனான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை, பேந்து பகிடி பண்ணுவினம்."

எனக்கு அவ்வளவு பெருமை. ஒரு பெரிய மனிதர் என்னிடம் ஒரு வேலை தந்திருக்கிறார். அறைக்குள் போய் இலையில் எழுதிக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் மேசையில் ஏழு பேர், குழந்தையையும் சேர்த்து. ஏழாவது ஆள் கீழ்வீட்டு மாமி. வான்கோழி மணம் படியால் இறங்கிப் போக, அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருந்தார். அழையாமலே வருவார், வந்தால் அம்மாவுக்கும் சந்தோஷம்தான். ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "உந்தக் கோழிக்கு உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. வெள்ளைக்காரனுக்கு நாக்கிலை என்ன வருத்தமோ?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அம்மா எழுந்துபோய் முதல்நாள் மீன்குழம்பைச் சூடாக்கிக்கொண்டு வந்தார். மாமி அதைக் கோழிக்கு மேல் ஊற்றி, இப்பதான் இது செத்ததுக்கு ஒரு பிரயோசனம் என்றார்.

நான் ரீச்சர் மாதிரி எழுந்து நின்று எல்லோரையும் நன்றி சொல்ல வைத்தேன். கூச்சத்தில் நெளிந்தார்கள். ஊசி நோகாமல் குத்துகிற ஹெயிட்டிக்கார நர்சுக்கு என்றார் அப்பா. அம்மா முருகனுக்கு. மாமி வாடகை வாங்குகிற வீட்டுக்காரனுக்கு, ஹீட்டரைத் திருத்தியதற்கு. "இன்னும் திருத்தேல்லை, இப்பவே சொல்லிவச்சால் வெக்கத்திலையாவது செய்வானோ எண்டுதான்." சித்தி தலையைக் குனிந்துகொண்டு, அக்காவுக்கு, என்னைத் தன் வீட்டுப் பிள்ளை மாதிரிப் பார்க்கிறதுக்கு என்றார். அம்மா தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். சித்தப்பா கத்தியைப் பிடித்தபடி, "நான் கடைசி. முதல் பிள்ளை சொல்லட்டும்" என்றார்.

இலையை விரித்து, சொல்லிக்கொடுத்தபடி சத்தமாக வாசித்தேன். "சித்தப்பாவுக்கு நன்றி. அவர் தன்ரை கிட்னியை அப்பாவுக்குக் குடுக்கப்போறார். பேந்து அப்பா எவ்வளவு தண்ணியும் குடிக்கலாம்."

குழந்தைக்கு இறைச்சியை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்த சித்தியின் விரல்கள் நின்றன. அவர் புருஷனைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமோ அக்கா?"

அம்மா மீன்குழம்புச் சட்டியை மூடினார்.

சித்தி அப்பாவைக் கையால் காட்டினார். "அத்தானுக்குத் தெரியும். இந்தச் சின்னனுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது, என்ன?"

"எனக்கும் தெரியாது பிள்ளை" என்றார் மாமி. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அது நெருப்பில் நெய்யாகப் போனது. சித்தி கத்தவில்லை. குழந்தையின் கையைத் துடைத்தார். அதற்கு ஜாக்கெட் போட்டார், சிப் இரண்டு தரம் சிக்கியது. கதவைச் சாத்தாமலே படியிறங்கிப் போனார். சித்தப்பா அதுவரைக்கும் கோழியை வெட்டிக்கொண்டேயிருந்தார். வெட்டிய துண்டை அப்பாவின் தட்டில் வைத்தார். கத்தியைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, நான் கதைச்சுப்போட்டு வாறன் என்று போனார். போகும்போது என்னை ஒருதரமும் பார்க்கவில்லை.

அம்மா என் முதுகில் இரண்டு போட்டார். மாமி தடுத்தார். அப்பா தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார்.

புதன்கிழமை அப்பாவை டயலிசிஸுக்குக் கூட்டிப்போக வந்தபோது சித்தப்பா காருக்குள் வைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவள் ஒத்துக்கொள்கிறாளில்லை அண்ணை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தமையன் வீட்டுக்குப் போய்விடுவன் என்கிறாள், நான் என்ன செய்ய. அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தார்.

அன்றிலிருந்து சித்திதான் கொலைகாரி. அம்மா சொன்னார், மாமி தெருவெல்லாம் சொன்னார், கோயிலில் சொன்னார்கள். நேற்று வந்தவள் கூடப் பிறந்ததுகளைப் பிரித்துவிட்டாள் என்றார்கள். அவர் உண்மையிலேயே மாட்டேன் என்றாரா? எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அவருடைய வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை, எல்லாம் புருஷனின் வாயால் வந்தது. அதைக் கேட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எனக்கும் ஒரு தீர்ப்பு இருந்தது. உன்ரை வாய்தான் உன்ரை அப்பாவைத் தின்னுது என்று அம்மா ஒருதரம் சொன்னார். ஒரே ஒருதரம்தான். அது போதும்.

அப்பா இன்னும் ஐந்து வருடம் இருந்தார். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிறவர்களின் பட்டியலில் பெயர் இருந்தது, முறை வரவில்லை. அந்த ஐந்து வருடமும் சித்தப்பாதான் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். பனி கொட்டினாலும் வருவார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் காரிலிருந்து இறங்கும்போது சிரித்துப் பேசிக்கொண்டு இறங்குவார்கள். இதைப் பார்த்து ஊர் அவரைப் புகழ்ந்தது, பாவம், கட்டினவள் சரியில்லை என்றது. அப்பா செத்தபோது ஆண்பிள்ளை இல்லாதபடியால் கொள்ளிக் கடமையையும் அவரே செய்தார். சித்தி மண்டபத்தின் கடைசிக் கதிரையில் தனியாக இருந்தார். எனக்குப் பதினாலு வயது. அவர் நீட்டிய தேத்தண்ணிக் கோப்பையை நான் வாங்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே அறையலாம் போலிருக்கும்.

பிறகு படித்தேன், வேலைக்குப் போனேன், நாலு விஷயம் அறிந்தேன். உறுப்புக் கொடுக்கிறவரை ஆஸ்பத்திரியில் தனியாக இருத்திக் கேட்பார்கள். பயமாக இருக்கிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும், அதோடு நிறுத்திவிடுவார்கள். காரணத்தை வீட்டாருக்குச் சொல்லமாட்டார்கள். ஒருவருடைய பெயரும் கெடாது. சித்தப்பாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். ஃபிரெஞ்சும் சரியாக வராத மனிதர், கேட்டது விளங்கியிருக்காது. பயம் எவருக்கும் வரும். வயிற்றைக் கிழிக்கக் கொடுப்பது சின்ன விஷயமில்லை. பயந்ததற்காக நான் அவரைத் திட்டவில்லை. பயத்தைச் சொல்ல ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயை எடுத்தாரே, அதற்குத்தான்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். அம்மா என்னோடு பேசாமல் இருந்த வாரம். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அம்மா கடைக்குப் போயிருந்தார். அப்பா சோபாவில் படுத்திருந்தார், வாயில் ஐஸ். பக்கத்தில் வந்து இரு என்று கையைக் காட்டினார்.

"பிள்ளை, அண்டைக்கு நீயா யோசிச்சுச் சொன்னியோ, ஆரும் சொல்லச் சொன்னவையோ?"

சொல்லவேண்டாம் என்றது ஞாபகம் வந்தது. ஆனால் அப்பாவிடம் எனக்குப் பொய் வராது. சித்தப்பாதான் என்றேன். சித்திக்குப் பக்கத்தில் இருந்து சத்தமாகச் சொல்லச் சொன்னதையும் சொன்னேன்.

அப்பா ஐஸை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். யன்னலைப் பார்த்தார். வெளியே ஒன்றும் இல்லை, எதிர்வீட்டு இரும்புப் படிதான். ஐஸ் கரைந்து முடிந்தது. பிறகு என் தலையில் கையை வைத்தார்.

"இதை அம்மாவுக்குச் சொல்லாதை. ஒருத்தருக்கும் சொல்லாதை. சரியோ?"

ஓம் என்றேன். அந்த ஓமை நான் காப்பாற்றினேன். சித்தியைப் பற்றி எல்லோரும் கதைக்கிற நேரமெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அம்மா இன்றைக்கும் சித்தியோடு பேசுவதில்லை. அப்பாவுக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கியிருக்கவேண்டும். விளங்கித்தான், தம்பியின் மானம் போகாமல் இருக்க, வேறு வீட்டிலிருந்து வந்த ஒருத்தியின் பெயரையும் என்னுடைய நித்திரையையும் கொடுத்தார். எங்கள் இரண்டு பேரையும் கேட்டுக் கொடுக்கவில்லை.

ஒன்பது வயதில் இது ஒன்றும் எனக்குத் தெரியாது. நானும் சித்தப்பாவும் சேர்ந்து செய்தது என்று தெரிந்தால் அம்மா இன்னும் அடிப்பார், அதிலிருந்து அப்பா என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். அந்த வாரத்தில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது. ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த வான்கோழியை எடுத்து, நின்றபடியே வயிறு முட்டச் சாப்பிட்டேன்.