எண்ணெய் தொடாதவள்

என் நாத்தனார் குடிக்கிறாள் என்று முதலில் சொன்னவர் அவள் வேலை பார்த்த தியேட்டரின் மேனேஜர். இரண்டாவதாகச் சொன்னவர் என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். மேனேஜரை நான் மன்னிக்கவில்லை. வீட்டுக்காரர் விஷயத்தில் இன்னும் முடிவு செய்யவில்லை.

அவளுக்கு வேலை இருட்டில். டிக்கெட்டைக் கிழித்து, வருகிறவர்களை இருக்கைவரை கொண்டுபோய் விட வேண்டும். சின்ன வயதில் சேர்ந்து, அறுபதைத் தொடப் போகும்போதும் அதே தியேட்டரில் இருந்தாள். எல்லோருக்கும் அவள் டார்ச்சக்கா. கையில் டார்ச் இருக்கும், பெரும்பாலும் அணைந்தே இருக்கும். படத்தின் நடுவில் வெளிச்சம் அடித்தால் ஜனங்கள் திட்டுவார்கள் என்று இருட்டிலேயே நடக்கப் பழகியிருந்தாள். அதற்கு ஒரு வித்தையும் வைத்திருந்தாள். முன்கூடத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் நிற்கும்போது ஒரு கண்ணை மூடியே வைத்திருப்பாள். வாசல் திரைச்சீலையை விலக்கி உள்ளே நுழைந்ததும் அந்தக் கண்ணைத் திறப்பாள். வெளிச்சம் படாத கண்ணுக்கு இருட்டு புதிதில்லை. பின்னால் வருகிறவர் காற்றைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே, "இப்படி வாங்க, கீழ படி இருக்கு" என்பாள்.

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண் டிக்கெட் கேட்டால் என்ன ஆகும்? கண்ணடிக்கிறாள் என்று நினைத்து ஒருவர் அடுத்த ஆட்டத்துக்கும் வந்து நின்றார். "படம் அவ்வளவு பிடிச்சுப்போச்சா?" என்று இவள் கேட்க, "என்ன படம்?" என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நாள் முழுக்க ஊருக்கு இடம் காட்டுறேன். வீட்டுக்குப் போயி ஒருத்தனுக்கு வேற காட்டணுமா?" என்பாள். தியேட்டருக்குப் பின்தெருவில் ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு ஸ்டவ். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஏழு வருடத்துக்கு முன் அவளுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நல்ல நீளத்துக்கு வெட்டி எடுத்துவிட்டார்கள். பிழைத்தாள். தொல்லை அதற்குப் பிறகுதான். எண்ணெயோ வெண்ணெயோ கொஞ்சம் உள்ளே போனால் போதும், கழிப்பறைக்கு ஓட வேண்டும். படம் ஓடும்போது வாசலை விட்டு நகர முடியாத வேலை. பணியாளர் கழிப்பறையோ மாடியில், ப்ரொஜெக்டர் அறைக்குப் பக்கத்தில். ஆகவே எண்ணெயையே விட்டுவிட்டாள். வெந்த காய், காய்ந்த ரொட்டி, பால் விடாத டீ. முட்டையில் மஞ்சள் கருவை எடுத்துப் பூனைக்குப் போட்டுவிட்டு வெள்ளையைத் தின்பாள். பூனை கொழுத்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்த வைட்டமின் மாத்திரைகளை மட்டும் அவள் விட்டதே இல்லை. எழுந்ததும் வெறும் வயிற்றில், அந்தக் கறுப்பு டீயோடு விழுங்குவாள். மாதா மாதம் க்ளினிக்கில் பி12 ஊசியும் போட்டுக்கொள்வாள். ஊசி போடுகிறவர் பஞ்சை அழுத்திவிட்டு "அடுத்து" என்பார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசி ஒரு வருடமாகத்தான் அவள் மாறினாள். டார்ச்சை அடிக்க ஆரம்பித்தாள். வெளிச்சம் அடித்தும் முட்டிக்கொண்டாள். மூடி வைத்த கண்ணைத் திறந்தாலும் இருட்டு இருட்டாகவே இருந்தது. இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கணுக்காலிலும் முழங்கையிலும் நீலம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. வயதாகிறது என்று அவளே நினைத்துக்கொண்டாள், சொன்னால் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு மதிய ஆட்டத்தில் படியைத் தவறவிட்டு, உட்கார்ந்திருந்த ஒருவர் மடியிலேயே விழுந்தாள். மேனேஜர் அவளை முன்கூடத்துக்கு இழுத்து வந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே அந்த வாசலில் டிக்கெட் கிழித்தவள் அவள். டிக்கெட் கவுண்டர் பெண், கூட்டுகிறவர், தின்பண்டம் விற்கிறவர் மூன்று பேரும் நின்று பார்த்தார்கள்.

"வாயை ஊது."

"எதுக்கு சார்?"

"ஊதுன்னா ஊது."

ஊதினாள். புதினா மிட்டாய் மணத்தது.

"வாடை தெரியாம இருக்கத்தானே மிட்டாய்?"

"வாய் காயுது சார், அதான்."

"குடிச்சா காயத்தான் செய்யும். ஒத்தக் கண்ணைச் சொருகிக்கிட்டு நிக்கும்போதே எனக்குச் சந்தேகம்தான்."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக்குப் போன் போட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். என் வீட்டுக்காரர் பேசியது ஒவ்வொரு சொல்லும் கேட்டது. தங்கையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாரா? இல்லை. "எங்க அப்பாவும் அப்படித்தான் சார். ரத்தத்துலயே இருக்கு, என்ன செய்ய?" என்றார். கையில் இருந்த கரண்டியை நான் கீழே வைத்தேன். வைக்காவிட்டால் எறிந்திருப்பேன்.

சாயங்காலம் ஒரு பையோடு அவள் வந்தாள். அண்ணன் குரலைத் தாழ்த்தி, பெரிய கருணையோடு பேசினார்.

"உண்மையைச் சொல்லும்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அதான் மேனேஜர்கிட்டயே சொல்லிட்டியே, அவரு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

"தள்ளாடுறே. உடம்பெல்லாம் அடிபட்டிருக்கு. பாக்கறவங்க வேற என்ன நினைப்பாங்க?"

"அப்பா குடிச்சிட்டு வந்து விழுந்தா செருப்பைக் கழட்டி விட்டது யாரு? நீயா? நீ போர்வையை இழுத்து மூடிக்கிட்டுத் தூங்குவே. நான்தானே கழட்டுனேன், வாந்தியை அள்ளுனேன். அந்த நாத்தத்தை நானே தேடிப் போவேனா?"

அவர் எழுந்து வெளியே போனார். அப்படி நழுவுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, பல வீடுகளில் அதே வேலை செய்து ஓய்ந்தவள் நான். எதிரில் ஒருவர் அழுதால் எனக்குக் கண்ணீர் பிறகுதான் தெரியும், முதலில் தோல் தெரியும். அவளை என்னோடு படுக்க வைத்துக்கொண்டேன். குடிக்கு ஒரு மணம் உண்டு, அது வியர்வையில் வரும், தலையணையில் தங்கும். தலையணையில் ஒன்றும் இல்லை. கைத்தாங்கலாக அவளைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் என் விரல்கள் பட்ட இடமெல்லாம் நீலம். நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றித்தான் எழுந்தாள். வெயில் சாய்ந்ததும் கட்டில் மூலையில் இடித்துக்கொண்டாள். இது குடி இல்லை, நோய் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. என்ன நோய் என்று தெரியவில்லை. குடலை வெட்டி எடுத்த அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா வயிற்றில் இருந்த தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களா?"

"ஒரு நாள் விட்டதில்ல."

"எதோட போடுறீங்க?"

"வெறும் டீயோட. சொட்டுப் பால், சொட்டு எண்ணெய் கிடையாது டாக்டர். அவ்வளவு கட்டுப்பாடு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அங்கதாம்மா போச்சு."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். ஏ, டி, ஈ, கே என்ற நான்கு வைட்டமின்களும் தண்ணீரில் கரையாதவை. கொழுப்பில்தான் கரையும், கொழுப்போடுதான் குடல் சுவரைத் தாண்டும். கொழுப்பைப் பொடித்துக் கொடுப்பது ஈரலில் சுரக்கும் பித்தம். வேலை முடிந்த பித்தத்தை உறிஞ்சி மறுபடி ஈரலுக்கே அனுப்புவது சிறுகுடலின் கடைசிப் பகுதி. இவளுக்கு வெட்டி எடுத்தது அதைத்தான். பித்தமும் போதவில்லை, ஏறிப் போக வண்டியாக இருந்த கொழுப்பையும் இவளே நிறுத்திவிட்டாள். மாத்திரை வந்த வழியே தெரியாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. பி12 தப்பித்ததற்குக் காரணம், அது ஊசி வழியாக நேரே உள்ளே போனது.

மங்கலான வெளிச்சத்தில் பார்ப்பதற்குக் கண்ணில் ஒரு நிறமி வேண்டும், அதைச் செய்ய ஏ வேண்டும். கண்ணை மூடி ஓய்வு கொடுத்தால் அந்த நிறமி மறுபடி ஊறும், ஆனால் ஊறுவதற்குச் சரக்கு இருக்க வேண்டுமே! ஈரல் பழைய இருப்பை எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே இத்தனை காலம் சமாளித்திருக்கிறது. டி இல்லாததால் எலும்பு வலி, தொடையில் பலம் இல்லை. கே இல்லாததால் ரத்தம் சீக்கிரம் உறையாமல், தொட்ட இடமெல்லாம் கன்றல். ஈ நரம்பைக் காப்பது. அது வற்றியதால் கால் வைத்த இடம் மூளைக்குச் சரியாகத் தெரியவில்லை. நான்கையும் ஒரே உடம்பில் சேர்த்து வாசலில் நிறுத்துங்கள். இருட்டில் முட்டுவாள், தள்ளாடுவாள், பிடித்துக்கொண்டு நடப்பாள், உடம்பெல்லாம் காயம். மேனேஜர் கண்ணுக்கு அது குடிகாரி!

எனக்கு வந்த கோபத்தில் டாக்டரம்மாவையும் விடவில்லை. "ஏழு வருஷமா மாத்திரை எழுதிக் குடுத்தீங்களே, எதோட சாப்பிடணும்னு ஒருத்தர் வாயைத் திறக்கலையே? அது என்ன ராணுவ ரகசியமா?"

அவர் சால்ஜாப்பு சொல்லவில்லை. "நாங்க கேட்டிருக்கணும். கேக்கலை. தப்புதான்" என்றார். அதற்குப் பிறகு என்னால் கத்த முடியவில்லை.

ரத்தப் பரிசோதனையும் அவர் சொன்னதையே சொன்னது. ஏ, கே இரண்டையும் முதலில் ஊசியாகப் போட்டார்கள். பிறகு உறிஞ்சும் சக்தி குறைந்தவர்களுக்கென்றே தண்ணீரில் கலக்கும்படி செய்த மருந்து, வெறும் வயிற்றில் இல்லை, சாப்பாட்டோடு. எண்ணெயை ஒரேயடியாக ஊற்றாமல் ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். வயிற்றோட்டத்துக்குத் தனி மாத்திரை.

இதைக் கேட்ட என் வீட்டுக்காரருக்கு மனச்சாட்சி ஒரு கூடையோடு வந்தது. மருந்துக் கடையில் இருந்த வைட்டமின் புட்டிகளையெல்லாம் வாங்கி மேஜையில் அடுக்கினார்.

"ரெண்டு ரெண்டா போடும்மா, சீக்கிரம் தேறிடுவே."

"அவளை இன்னொரு தடவை ஆஸ்பத்திரியில படுக்க வைக்கணும்னு ஆசையா?" என்றேன். "இதெல்லாம் மிஞ்சினா மூத்திரத்துல போயிடற சாமான் இல்ல. ஈரல்ல போயி உக்காந்துக்கும். அளவு மீறினா அதுவே விஷம். கொண்டுபோயி திருப்பிக் குடுங்க. கூடப் பொறந்தவளுக்கு ஏதாவது செய்யணும்னா, போன்ல சொன்னதைத் திருப்பி வாங்குங்க. அதுக்குக் கடை கிடையாது."

கன்றல்கள் முதலில் மறைந்தன. சில வாரங்கள் போன பிறகு ஒரு நாள் விளக்கு ஏற்றாத நடையில் நான் நின்றபோது அவள் குரல் வந்தது.

"அண்ணி, உங்க நரை தெரியுது!"

"அது குருடனுக்கும் தெரியும்டி. வேற சொல்லு."

"கையில கரண்டி. முகத்துல கோபம்."

"கோபம் பாக்காமயே சொல்லலாம்."

கால் மட்டும் முழுதாகத் தேறவில்லை. நரம்பு அதன் இஷ்டத்துக்குத்தான் வரும், ஒருவேளை முழுதும் வராமலும் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

மூன்று பேரும் தியேட்டருக்குப் போனோம். மேனேஜர் பெரிய மனசோடு எழுந்து நின்றார்.

"பழசை விடுங்க. குடியை விட்டது சந்தோஷம். மன்னிச்சுச் சேத்துக்கறோம்."

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். எனக்குத் தெரியும், அவருக்கு இதைவிடப் பல் பிடுங்கிக்கொள்வது சுலபம். "சார், அவ குடிச்சதே இல்ல. அன்னைக்குப் போன்ல நான் சொன்னது பொய். அவளை ஒரு வார்த்தை கேக்காம சொன்னேன். அவளுக்கு உடம்புக்கு முடியல."

"சரி சரி, எப்படியோ..."

"எப்படியோ இல்ல சார்" என்றாள் நாத்தனார். "மூணு பேர் எதிர்ல வாயை ஊதச் சொன்னீங்க. அதே மூணு பேர் எதிர்ல, நான் குடிக்கலைன்னு சொல்லுங்க. மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம், நான் என்ன தப்பு செஞ்சேன்? அப்புறம் கால் இன்னும் முழுசா சரியாகல. பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பேன். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு உதவும் முகம் வைத்துக்கொள்ளவில்லை. முன்கூடத்துக்கு வந்து மூவரையும் கூப்பிட்டார். "இவங்களுக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கு. குடியெல்லாம் இல்ல. நான் சொன்னது தப்பு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். தரைக்குக் கேட்டிருக்கும்.

"தலையைத் தூக்கிச் சொல்லுங்க" என்றேன். தூக்கிச் சொன்னார்.

கவுண்டர் பெண் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அப்பவே நினைச்சேன்க்கா, நீங்க அப்படிப்பட்டவங்க இல்லைன்னு."

"நினைச்சதை எந்தப் பெட்டியில வெச்சுப் பூட்டுனே?" என்று கேட்டேன். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

"விடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார். ஆட்டத்துக்கு மணி அடித்துவிட்டது, கதவருகே ஜனங்கள் கூடியிருந்தார்கள். ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி நடந்துபோய் வாசலில் நின்றாள். அடுத்த கையை நீட்டினாள்.

"டிக்கெட்டைக் குடுங்க. தள்ளாதீங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு."