மூன்று நாளுக்கு ஒரு நகர்வு

செஸ் சொல்லிக்கொடுங்கள் என்று என் வீட்டுக் கதவைத் தட்டியவருக்கு வயது அறுபது. என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவர். அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையத்தில் அவர் பம்பு பகுதி டெக்னீசியனாக இருந்தவர். நான் அதே பகுதிக்கு பர்மிட் வழங்கிய அதிகாரி. வெளியாட்களுக்கு இது விளங்காது என்பதால் சொல்கிறேன். ஒரு பம்பில் வேலை பார்க்க வேண்டுமென்றால் முதலில் அதற்கு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், வால்வை மூடிப் பூட்டுப் போட வேண்டும், சிவப்பு அட்டை தொங்கவிட வேண்டும். இவ்வளவும் நடந்ததா என்று பார்த்து ஒருவர் கையெழுத்துப் போடுவார். அந்த ஒருவர் நான். அதுவரை டெக்னீசியன் ஸ்பேனரைத் தொடக்கூடாது. இருபத்தாறு வருடத்தில் அவர் தொட்டதில்லை. மற்ற ஆட்கள் அவசரமென்றால் கண்ணை மூடிக்கொண்டு திருகிவிடுவார்கள். இவர் மட்டும் பம்பின் பக்கத்தில் குந்தியபடி, நான் கேன்டீனிலிருந்து நாஷ்டா முடித்து வரும்வரை காத்திருப்பார்.

ஓய்வுக்குப் பிறகு இருவரும் கவரைப்பேட்டையில் அடுத்தடுத்த தெருவில் குடியிருந்தோம். பார்த்தால் தலையாட்டுவோம். அவ்வளவுதான் பழக்கம். அன்று காலை அவர் செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சார், இது இன்னான்னு பாருங்க. பொண்ணு அனுப்பிச்சிருக்குது."

அவருடைய ஒரே மகள் இரண்டு வருடம் முன்பு தன் விருப்பப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டு புனே போய்விட்டாள். இவர் கையெழுத்துப் போட வரவில்லை. அவள் போன் செய்வதை நிறுத்தினாள். இவர் செய்யவே ஆரம்பிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவள் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு வந்திருந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை. தொட்டால் ஒரு செஸ் பலகை திறந்தது. வெள்ளைச் சிப்பாய் ஒன்று இரண்டு கட்டம் முன்னால் வந்து நின்றது. கீழே கடிகாரம்: பதில் நகர்வுக்கு மூன்று நாள்.

பள்ளிக்கூடக் காலத்தில் அவளைத் திருவள்ளூருக்கும் பொன்னேரிக்கும் போட்டிகளுக்கு அழைத்துப்போனவர் இவர்தான். வாசலில் தயிர்சாத டப்பாவோடு உட்கார்ந்திருப்பார். உள்ளே போய்ப் பார்த்ததில்லை. குதிரை எப்படிப் போகும் என்பது இவருக்குத் தெரியாது.

"நகத்தலேன்னா இன்னா ஆவும் சார்?"

"மூணு நாள்ல ஆட்டம் முடிஞ்சிடும். நீங்க தோத்ததா எழுதிடும்."

"தோக்கறது பரவால்ல. முடியக்கூடாது."

இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். கல்லூரியில் ஆடியவன், ஏதோ சுமாராக ஆடுவேன். ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தால் சொந்தமாக ஆடிக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். காய்களின் நடையை இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். ஆனால் புதிதாக ஆடுகிற எல்லோரையும் போலத் தன் காயை மட்டும் பார்ப்பார். எதிராளி எதற்காக அந்தக் காயை அங்கே வைத்தான் என்று பார்க்க மாட்டார். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் வைத்தியம் செய்தேன். ஒரு முழுத்தாளில் சரிபார்ப்புப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். அவள் நகர்வு எதைத் தாக்குகிறது? என்னுடைய எந்தக் காய் காவலில்லாமல் நிற்கிறது? நான் வைக்கப்போகிற கட்டத்தை யார் பார்க்கிறார்கள்? அடியில், அதிகப்பிரசங்கித்தனமாக, ஒரு வரி சேர்த்தேன்: 'சரிபார்த்தபின் என்னிடம் கேட்காமல் நகர்த்தக்கூடாது.'

கையெழுத்தும் போட்டேன். கை பழக்கம்.

அந்த ஆன்லைன் தளத்தின் விதிமுறைகளை நான் முழுக்கப் படித்திருக்கிறேன். 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் அதைப் படித்த ஒரே ஆள் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். ஆட்டம் நடக்கும்போது பிறர் உதவி பெறக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. எத்தனையோ பேருக்கு விதிமீறல் என்று மெமோ கொடுத்த நான், இதற்கு 'பயிற்சிக் காலம்' என்று பெயர் வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் எல்லா விதிமீறலும் ஒரு நல்ல பெயரோடுதான் தொடங்கும்.

அதற்குப் பிறகு என் நாள் என் கையில் இல்லை. காலை ஏழு மணிக்கு வருவார். "சார், பிஷப்ப வெளிய எடுக்கலாம்னு இருக்கறேன். கிளியரன்ஸ்?" வேண்டாம் என்பேன். போய்விட்டு மாலையில் வருவார். "அப்ப குதிர?" சரி என்றால்தான் விரலைத் திரையில் வைப்பார். மூன்று நாளில் எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்பதால் மூன்று நாளும் வந்தார். ஆர்.கே.பேட்டையில் தங்கை மகளுக்கு வளைகாப்பு. இரண்டு நாள் தங்கலாம் என்று போனேன். மறுநாள் பந்தியில் எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திருவள்ளூரில் பஸ் மாறி வந்ததாகச் சொன்னார்.

"போன்ல டவர் கெடைக்கல சார் உங்களுக்கு. யானைய நடுவுக்குக் கொண்டாரலாமா?"

உறவினர்கள் அவரை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து இரண்டாவது லட்டு வைத்தார்கள்.

எரிச்சல் உண்மை. ஆனால் முழு உண்மை அதுவல்ல. அந்தப் பெண் நன்றாக ஆடினாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு காயையும் இன்னொன்றுக்குத் துணை வைத்து ஆடினாள். அவளுடைய நகர்வு வந்த நாளில் நான் குளிக்கும்போதும் அதையே யோசித்தேன். அவர் கொண்டுவரும் யோசனைகளை ஒப்புக்குக் கேட்டுவிட்டு என்னுடையதையே சொல்ல ஆரம்பித்தேன். என் மனைவிக்கு செஸ் தெரியாது. சோற்றைப் போட்டுக்கொண்டே ஒரு நாள் கேட்டாள்:

"ஏங்க, பொண்ணு அவருக்குத்தான லெட்டர் போட்டுக்கினு இருக்குது? நீங்க எதுக்கு பதில் எழுதிக்கினு இருக்கீங்க?"

"இது லெட்டர் இல்ல."

"வேற இன்னாவாம்?"

மோர் கேட்டேன். இனி முடியாது என்று அவரிடம் சொல்லிவிடலாம். சொன்னால் நாலாவது நகர்வில் ராணியைக் கொடுப்பார், பத்தாவதில் ஆட்டம் முடியும், புனேவிலிருந்து வந்த ஒற்றை நூலும் அறும். சொல்லாவிட்டால் அவள் அப்பா என்று நினைத்து என்னோடு ஆடிக்கொண்டிருப்பாள். எந்தக் கட்டத்துக்குப் போனாலும் அடி விழுகிற ராஜா மாதிரி இருந்தேன். ஆட்டமாவது தோற்றால் முடியும்.

ஆடி மாதம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஒரு நாளில் அனுப்பிவிடுவோம் என்று சொன்ன பொன்னேரி மருத்துவமனை, ரத்த அழுத்தம் இறங்கவில்லை என்று நான்கு நாள் வைத்துக்கொண்டது. செல்போன் மனைவியின் கைப்பையில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. அவர் இரண்டு முறை வந்தாராம், பார்வை நேரம் முடிந்தது என்று வாசல் காவலாளி திருப்பி அனுப்பிவிட்டாராம். காவலாளி நேரம் முடிந்தது என்றால் இவர் வாதாடுகிற ஆளில்லை.

வீடு திரும்பிய அன்று வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"ஆட்டம் முடிஞ்சிட்சி சார். டைம் போயிட்சி."

போனை வாங்கிப் பார்த்தேன். அவள் கடைசியாகத் தன் பிஷப்பால் அவருடைய குதிரையை எடுத்திருந்தாள். பக்கத்துச் சிப்பாயால் அந்த பிஷப்பைத் திருப்பி எடுக்க வேண்டும். வேறு யோசனைக்கே இடமில்லாத நகர்வு. காய் நடை தெரிந்த யாரும் செய்வார்கள்.

"இது தெரியலியா உங்களுக்கு?"

"தெரியும் சார். மொத நாளே தெரியும். சிப்பாயால எடுக்கணும்."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. கேள்வியே புரியாதவர் பார்வை. "உங்க கிளியரன்ஸ் இல்லியே சார்."

மூன்று நாள் இரவும் பகலும் அந்தக் கடிகாரம் குறைவதைப் பார்த்துக்கொண்டு, விரலைத் திரையில் வைக்காமல், அந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். என்னுடைய ஒரு வரிக்காக. தையல் போட்ட இடம் வலித்தது. வலி அதனால்தான் என்று வைத்துக்கொண்டேன்.

"பொண்ணு எதாச்சும் எழுதிச்சா?"

எழுதியிருந்தாள். அவர்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். 'நைனா, ஒடம்பு சரியில்லியா?' இரண்டு வருடத்தில் முதல் வரி. இவர் அதற்கு அங்கேயே பதில் போட்டிருந்தார்: 'நான் நல்லா இருக்கேன். சார்தான் ஆஸ்பத்திரில இருந்தாரு.'

'எந்த சார்?'

'பர்மிட் சார். அவர்தான் எனக்கு ஆட்டம் சொல்லிக்குடுக்கறாரு. அவர் சொல்லாம நவுத்தக்கூடாது.'

அதற்குப் பிறகு அவளிடமிருந்து எதுவும் இல்லை.

"நா எதாச்சும் தப்பா எழுதிட்டனா சார்?"

உள்ளதை உள்ளபடி எழுதியவரிடம் என்ன சொல்வது? இல்லை என்றேன். பதினோரு நாள் போயிற்று. தினமும் ஏழு மணிக்கு வந்தார். கேட்பதற்கு எதுவும் இல்லாமல் வந்தார். போனை டீப்பாயில் திரை மேல்நோக்கி வைத்துவிட்டுக் காபி குடிப்பார். நான் பேப்பர் படிப்பேன். ஒரே பக்கத்தைப் படிப்பேன். என் மனைவி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பன்னிரண்டாம் நாள் இணைப்பு வந்தது. இந்த முறை மூன்று நாள் இல்லை. ஆளுக்குப் பத்து நிமிடம். கூடவே ஒரு வரி: 'ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு. சார் வேணாம்.'

நியாயமான தண்டனை. பத்து நிமிடத்தில் யாரிடமும் ஓடிப்போய்க் கேட்க முடியாது. யோசித்துத்தான் வைத்திருக்கிறாள்.

அவர் வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய இரும்புக் கூரைக் கிடங்கு சிக்னலை மறைக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டார். சலவைச் சட்டை போட்டிருந்தார். நான் மொட்டை மாடிக்குப் போகிறேன் என்றேன்.

"வாணாம் சார். எதிர்லயே உக்காருங்க. வாய மட்டும் தொறக்காதீங்க. அவ வாணாம்னு சொல்லிக்கிறா."

உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. எனக்குத் தலைகீழாகத் தெரிந்த பலகையில் அவர் தன் இஷ்டத்துக்கு ஆடினார். முதல் நகர்வுக்கே ஒரு நிமிடம். உதடு அசைந்துகொண்டிருந்தது, பட்டியலைச் சொல்லிப் பார்க்கிறார். ஆறாவது நகர்வில் உற்சாகம் வந்து ராணியை வெளியே எடுத்தார். எடுத்து, அவளுடைய குதிரை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிற கட்டத்தில் வைத்தார்.

பட்டியலின் மூன்றாவது கேள்வி. நான் வேட்டி நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டேன். அந்தக் குதிரை எடுத்தால் ராணி போயிற்று, ஆட்டம் போயிற்று, ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அவரும் பார்த்துவிட்டார். விரல் மறுபடி ராணியின் மேல் போய் நின்றது. ஆன்லைனில் வைத்த காயைத் திருப்பி எடுக்க முடியாது.

அவள் பக்கத்துக் கடிகாரம் ஓடியது. அதுவரை ஒவ்வொரு நகர்வையும் இரண்டு மூன்று விநாடியில் ஆடியவள். அரை நிமிடம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு அவள் நகர்த்தினாள். பலகையின் ஓரத்தில், யாருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு சிப்பாயை, ஒரு கட்டம்.

இந்தப் பெண் ஆடும் விதம் எனக்குத் தெரியும். நான்கு மாதம் நான் அவளோடு ஆடியிருக்கிறேன்.

அவர் ராணியைப் பின்னால் இழுத்துக்கொண்டு மூச்சு விட்டார். "அவ பாக்கல சார்," என்றார் மெதுவாக.

நான் வாயைத் திறக்கவில்லை.

நாலு நகர்வு கழித்து அதே ராணியை வேறு ஒரு தவறான இடத்தில் வைத்தார். இந்த முறை உடனே எடுத்தாள். அதற்கப்புறம் அதிக நேரம் ஆகவில்லை. மூலையில் ராஜாவைக் கட்டிப்போட்டு முடித்தாள். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தப்ப வழியிருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துத் தேடினார். இல்லை.

"அத்தினி பெரிய குயினு, பாக்காம வுட்டாளே. சின்ன வயசுல இப்டி வுடமாட்டா. கண்ணு கெட்டுப்போச்சோ இன்னாவோ சார். நாளெல்லாம் கம்ப்யூட்டர்."

இப்போது பேசலாம். ஆட்டம் முடிந்துவிட்டது, எந்த விதியும் தடுக்கவில்லை. பார்த்தாள், இரண்டு நிமிடம் பார்த்தாள் என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இருக்கும்," என்றேன்.

அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். அனுப்பிய பிறகுதான் எனக்குக் காட்டினார். 'கண்ண டாக்டர்கிட்ட காட்டு. குயின வுட்டுட்ட.'

சமையலறையில் என் மனைவி காபிக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. காபி வந்தபோது பதிலும் வந்தது.

'காட்டறேன் நைனா. அடுத்த ஞாயிறு?'